ஏழாம் வகுப்புக்கு டிக்‌ஷனரி பார்க்கச் சொல்லித்தருவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை டீச்சர் | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் நான் ஒருத்திதான். தமிழ் வழி. ஏழாம் வகுப்பில் 31 பிள்ளைகள்.

பள்ளி பீரோவில் 14 டிக்‌ஷனரிகள் இருந்தன. ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ் வகை. ஊரில் யாரோ புண்ணியவான் வாங்கிக் கொடுத்தது. கிழித்துவிடுவார்கள் என்ற பயத்தில் பல வருஷமாகப் பூட்டியே கிடந்தன. பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் பாடத்தோடு வரும் 'மீனிங்' பட்டியல்தான். அதையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வார்கள். இந்த ஜூனில் பீரோவைத் திறந்து, தூசி தட்டி, இரண்டு மூன்று பேருக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டேன்.

எழுத்து வரிசை, இரண்டாம் எழுத்து, மூன்றாம் எழுத்து என்று ஒரு வாரம் பழக்கினேன். ஆசையாகத்தான் தேடினார்கள். போன வெள்ளிக்கிழமை ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதி, தமிழில் சொல்லச் சொன்னேன். 'தி பஸ் வாஸ் ஹெல்ட் அப் ஃபார் டூ அவர்ஸ்.' பஸ் இரண்டு மணி நேரம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

ஒரு பையன் 'ஹெல்ட்' தேடினான். அது 'ஹோல்ட்' என்பதன் இறந்தகாலம் என்று போட்டிருந்தது. சோம்பாமல் 'ஹோல்ட்' பக்கத்துக்குப் போனான். 'பிடி' என்று இருந்தது. பிறகு 'அப்' தேடினான். 'மேலே' என்று இருந்தது. எழுந்து நின்று, 'பஸ்ஸை ரெண்டு மணி நேரம் மேலே தூக்கிப் பிடிச்சிருந்தாங்க டீச்சர்' என்றான். வகுப்பு சிரித்தது. அவன் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தான். நான் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் அவன் ஒழுங்காகச் செய்திருந்தான். அதுதான் இரண்டு நாளாக மனதை அரிக்கிறது. தேடச் சொல்லிக்கொடுத்தேன், தேடியது சரியா என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எதிலிருந்து ஆரம்பிப்பது, எத்தனை நாள் ஒதுக்குவது, பயிற்சி எப்படிக் கொடுப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

—

மூன்றாம் மாடி அப்பா | ஞாயிறு, இரவு 10:15

டீச்சர், உங்கள் அக்கறைக்கு வணக்கம். ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பெண் எட்டாவது. அதே வாக்கியத்தை இப்போது போனில் போட்டுப் பார்த்தேன். 'பேருந்து இரண்டு மணி நேரம் தாமதமானது' என்று சரியாகவே வந்தது. எழுத்து வரிசையைப் பழக்கவே ஒரு வாரம் போய்விட்டது என்கிறீர்கள். நாளைக்கு வேலைக்குப் போகும்போது யார் புத்தகத்தைப் புரட்டப் போகிறார்கள்? அந்த நேரத்தில் நாலு வாக்கியம் ஆங்கிலத்தில் பேச வைத்தால் நல்லது இல்லையா?

—

ஓய்வு பெற்ற சாக்பீஸ் | திங்கள், காலை 6:05

அம்மா, 34 வருஷம் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். அந்தப் பையனை முதலில் எல்லார் முன்னாலும் பாராட்டிவிடுங்கள். 'ஹெல்ட்'டிலிருந்து 'ஹோல்ட்'டுக்குத் தானாகப் போன பிள்ளை பாதிக் கிணறு தாண்டிவிட்டது.

எழுத்து வரிசை விஷயத்துக்கு வருகிறேன். 1604-ல் இலண்டனில் ராபர்ட் காட்ரி என்ற பள்ளி ஆசிரியர் ஒரு அகராதி போட்டார். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி அதுதான் என்பார்கள். சுமார் 2,500 சொல் கொண்ட சின்னப் புத்தகம். அதன் முன்னுரையில் அவர் வாசகருக்குப் பாடமே எடுக்கிறார். எழுத்துகளின் வரிசையைப் புத்தகம் பார்க்காமல் சொல்லத் தெரிய வேண்டும். 'பி' தொடக்கத்துக்குப் பக்கத்தில், 'என்' நடுவில், 'டைகர்' என்பதன் 'டி' கடைசிப் பக்கமாக இருக்கும். 'சி-ஏ' என்று தொடங்கினால் 'சி' பகுதியின் ஆரம்பத்தில் பார், 'சி-யு' என்றால் அதன் கடைசியில் பார் என்று சொல்லிக்கொண்டே போகிறார். தாய்மொழிக்காரர்களுக்கே அன்று இதைச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் எடுத்தது அதிகமே இல்லை.

நான் செய்த முறை இது. முதல் நாள் சொல் எதுவும் கிடையாது. புத்தகத்தை மூடி மேசையில் வைக்க வேண்டும். 'எம்' என்பேன். ஒரே திறப்பில் 'எம்' பக்கம் வர வேண்டும். நடுவில் பிரித்தால் அநேகமாக வந்துவிடும். அப்புறம் புத்தகத்தை மனதால் நாலு பங்காக வெட்டச் சொல்வேன். 'ஏ' முதல் 'டாக்' என்பதன் 'டி' வரை முதல் கால், 'ஈ' முதல் 'எல்' வரை இரண்டாவது, 'எம்' முதல் 'ஆர்' வரை மூன்றாவது, மிச்சமெல்லாம் கடைசிக் கால். 'எஸ்' தடித்த பகுதி, அதனால்தான் கடைசிக் காலில் எழுத்து எட்டு இருந்தும் கனம் மற்றதைப் போலவே இருக்கிறது. நாலு நாளில் பிள்ளைகளின் கை பழகிவிடும். முதல் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே வருகிற வழக்கம் போய்விடும்.

பிறகு பக்கத்தின் உச்சியில் இருக்கும் இரண்டு சொற்கள். அந்தப் பக்கத்தின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் அங்கே இருக்கும். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் இருக்கிற மாதிரி. அதைப் பார்க்காமல் பக்கத்துக்குள் ஏறக் கூடாது என்று சொல்லிவிடுவேன்.

இன்னொன்று, நம் பிள்ளைகளுக்கே உரிய சங்கடம். தமிழில் காதில் விழுவதை ஏறக்குறைய அப்படியே எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் அப்படியில்லை. 'ஃபோட்டோ' என்று காதில் விழும், 'எஃப்' பகுதியில் தேடித் தேடி 'இல்லை சார்' என்பான். அது 'பி-எச்'சில் இருக்கும். 'நைஃப்' என்றால் 'கே-என்', 'ரைட்' என்றால் சில சமயம் 'டபிள்யூ-ஆர்', 'சைக்காலஜி' என்றால் 'பி-எஸ்'. போதாததற்கு நம் வல்லினத்தில் ஒலி வேறானாலும் எழுத்து ஒன்றுதான். 'பேக்' என்று காதில் கேட்ட பிள்ளைக்கு அது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா என்று எழுத்துக்கூட்டத் தெரியாது. மூன்றையும் தமிழில் 'பேக்' என்றுதான் எழுதுவோம், ஆனால் ஆங்கிலத்தில் எழுத்து வேறு. இதற்காகவே ஒரு சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இடப்பக்கம் தமிழ் ஒலி, வலப்பக்கம் ஆங்கிலத்தில் அது ஒளிந்திருக்கக்கூடிய இடங்கள். இந்தச் சார்ட்டைப் போல வேறெந்தச் சார்ட்டும் பிள்ளைகளுக்குப் பயன்பட்டதில்லை.

மூன்றாம் மாடி அப்பா அவர்களுக்கு: போன் முழு வாக்கியத்தைத் தமிழாக்கித் தந்துவிட்டது, சரி. 'ஹோல்ட் அப்' என்று இரண்டு சொல் சேர்ந்து ஒரு பொருள் தருகிறது என்பது உங்கள் பெண்ணுக்குத் தெரிந்ததா? தெரியாவிட்டால் நாளைக்கு அதே சொல் வேறு வாக்கியத்தில் வரும்போது மறுபடி போனைத்தான் எடுக்க வேண்டும். பரீட்சை ஹாலில் போன் கிடையாது.

—

வடமராட்சி ரீச்சர் | திங்கள், பிற்பகல் 2:30

வணக்கம் ரீச்சர். யாழ்ப்பாணப் பக்கத்தில் தரம் 8, 9 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். உங்கள் பையனின் கதை எங்கள் வகுப்பறையில் நடந்த மாதிரியே இருந்தது. எங்களிடம் ஒரு பிள்ளை 'ஸ்பிரிங் வாட்டர்' என்பதற்கு 'வசந்தகாலத் தண்ணீர்' என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தது. ஊற்றுத் தண்ணீர் என்ற பொருள் அதே பக்கத்தில், இரண்டு வரி தள்ளி இருந்தது. பிள்ளை முதலாவதைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டது.

நான் கண்டுபிடித்தது என்னவென்றால், இதை ஆங்கிலத்தில் தொடங்கக் கூடாது. தமிழில் தொடங்க வேண்டும். ஒரு தமிழ் அகராதியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். 'வந்தான்' என்ற சொல்லைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்காது. 'வருகிறாள்' தேடினாலும் கிடைக்காது. எங்கே போய் ஒளிந்திருக்கிறது என்று கேளுங்கள். ஒரு பிள்ளையாவது 'வா' என்று சொல்லும். அந்த நேரத்தில் பிள்ளைகளின் கண்களைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு 'வென்ட்' என்பது 'கோ'வுக்குள் இருக்கிறது, 'சில்ரன்' என்பது 'சைல்ட்'டுக்குள் இருக்கிறது என்றால் அது புதுமையாகவே தெரியாது. எங்கள் மொழியிலும் அப்படித்தானே என்பார்கள்.

அடுத்து 'படி'. 'படியில் இருந்து பாடம் படி', 'ஒரு படி அரிசி', 'அம்மா சொன்னபடி செய்தான்'. நாலு 'படி'யும் ஒன்றா என்று கேளுங்கள். இல்லை என்பார்கள். எப்படித் தெரியும் என்று கேளுங்கள். முதலில் திகைப்பார்கள். பிறகு 'பாடம் என்று வருகுது, அதனால வாசிக்கிறது', 'அரிசி என்று வருகுது, அதனால அளவு' என்று பக்கத்துச் சொல்லைக் காட்டுவார்கள். இந்தக் கெட்டித்தனம் அவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது. நாங்கள் செய்ய வேண்டியது, ஆங்கிலம் வாசிக்கும்போதும் அதையே பாவிக்கச் சொல்வதுதான்.

அதனால் என் வகுப்பில் ஒரு கட்டாய விதி. அகராதியைத் திறக்க முதல், பென்சிலால் மூன்று விஷயம் எழுத வேண்டும். அது பெயர்ச்சொல்லா வினையா? பக்கத்தில் எந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது? என்ன பொருளாக இருக்கும் என்று நினைக்கிறாய்? பிழையாக ஊகித்தாலும் பரவாயில்லை. பிறகு அகராதி. பிறகு, இதுதான் முக்கியம், கிடைத்த பொருளை வாக்கியத்தில் வைத்து வாசித்துப் பார்க்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் அடுத்த எண்ணுக்குப் போ. எல்லா எண்ணும் முடிந்துவிட்டால், கடைசியில் தடித்த எழுத்தில் இரட்டைச் சொற்கள் இருக்கிறதா என்று பார். 'ஹோல்ட் அப்' அங்கேதான் இருந்திருக்கும்.

பஸ்ஸை யாரும் இரண்டு மணி நேரம் தூக்கிப் பிடிக்க மாட்டார்கள் என்பது உங்கள் பையனுக்கு நன்றாகத் தெரியும் ரீச்சர். ஆங்கிலப் பாடத்தில் அந்த அறிவைப் பாவிக்கலாம் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

—

பழம்புத்தகம் | திங்கள், மாலை 5:12

தமிழில் தொடங்குவது அருமையான யோசனை. 'அகராதி' என்ற பெயரே 'அகரம் ஆதியாக' என்பதுதானே. அதற்கு முன்னால் நம்மிடம் இருந்தவை நிகண்டுகள். செய்யுளாக இருக்கும், மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும், தேடிப் பார்க்கிற பேச்சே இல்லை. 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தபோதுதான் அகர வரிசையே தமிழுக்கு வந்தது. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லலாம்.

—

ஓய்வு பெற்ற சாக்பீஸ் | திங்கள், மாலை 6:40

சின்னத் திருத்தம் தம்பி. 1594-லேயே சிதம்பர ரேவண சித்தர் 'அகராதி நிகண்டு' செய்திருக்கிறார். அதில் சொற்கள் முதலெழுத்தின்படி அகர வரிசையில் வரும். சொல் முழுவதற்கும் வரிசை பார்த்து, நாம் இன்று தேடுகிற மாதிரி வசதி செய்தது சதுரகராதி. மனப்பாடத்திலிருந்து தேடலுக்கு வந்த பயணம் என்று நீங்கள் சொன்னது சரிதான். மீனிங் நோட்டை மனப்பாடம் செய்யும் நம் வகுப்பறை இன்னும் நிகண்டுக் காலத்தில்தான் இருக்கிறது.

—

கடைசி பெஞ்ச் கலையரசி | செவ்வாய், இரவு 11:20

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தமிழ் வழியில் படித்து, இப்போது கல்லூரி இறுதி ஆண்டில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள்.

பள்ளியில் தினமும் ஐந்து சொல் எழுதி, எழுதியதை ஒப்பிப்போம். அப்படி ஆயிரக்கணக்கில் மீனிங் தெரியும். ஆனால் ஒரு வாக்கியம் சொந்தமாக எழுத வராது. கல்லூரியில் முதல் வருஷம் ஒரு கட்டுரையில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதினேன். மேடம் சிவப்பில் சுழித்திருந்தார். எனக்குப் புரியவில்லை. 'டிஸ்கஸ்' என்றால் விவாதி, 'அபவுட்' என்றால் பற்றி, 'அதைப் பற்றி விவாதித்தோம்', இதில் என்ன தப்பு?

அவர் திட்டவில்லை. நூலகத்துக்குக் கூட்டிப்போய் கற்போருக்கான பெரிய டிக்‌ஷனரி ஒன்றை எடுத்து, 'டிஸ்கஸ்' பக்கத்தைத் திறந்து வைத்து, 'உதாரண வாக்கியங்களை மட்டும் படி' என்றார். படித்தேன். ஒன்றில்கூட அந்த வினைக்குப் பின்னால் 'அபவுட்' இல்லை. 'இப்போது உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?' என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் சொல்லுக்குப் பக்கத்தில் கட்டத்துக்குள் இருக்கும் சின்னச் சின்ன எழுத்துகளைப் பார்க்க ஆரம்பித்தேன். 'சி' என்றால் எண்ணலாம், 'யு' என்றால் எண்ண முடியாது. 'ஃபர்னிச்சர்', 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'எக்விப்மென்ட்' நாலுக்கும் பக்கத்தில் 'யு' இருக்கிறது. நாலுக்கும் கடைசியில் 'எஸ்' போட்டு எழுதிக்கொண்டிருந்தவள் நான். ஒரு எழுத்தைக் கவனித்திருந்தால் எத்தனையோ தப்பு குறைந்திருக்கும். பன்னிரண்டு வருஷப் பள்ளிப் படிப்பில் அந்த 'யு' என்ன என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

உச்சரிப்பும் அப்படித்தான். அடைப்புக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் விசித்திர எழுத்துகளைப் பார்த்தாலே பயம். எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டாம், இரண்டே இரண்டு போதும் என்று அதே மேடம் சொன்னார். ஒன்று, மேலே நிற்கும் சின்னக் கோடு. அதற்கு அடுத்து வரும் அசையை அழுத்த வேண்டும். 'டெவலப்'பில் அந்தக் கோடு 'வெ'வுக்கு முன்னால் இருக்கிறது, நாமோ 'டெ'வை அழுத்துகிறோம். 'ஹோட்டல்' என்கிறோம், கோடு 'டெல்'லுக்கு முன்னால். இன்னொன்று, கவிழ்த்துப் போட்ட 'ஈ' எழுத்து. வாயை அதிகம் திறக்காமல் மெல்ல விட்டுவிட வேண்டிய உயிரொலி அது. ஆங்கிலத்தில் அதிகம் வரும் உயிரொலியும் அதுதான். இந்த இரண்டைப் பிடித்துக்கொண்டதும் என் பேச்சு மாறியது எனக்கே தெரிந்தது.

டீச்சர், ஏழாம் வகுப்பிலேயே அந்த 'சி'யையும் 'யு'வையும் காட்டிவிடுங்கள். ப்ளீஸ்.

—

நூலகப் படிக்கட்டு | புதன், காலை 10:05

எந்த டிக்‌ஷனரி என்பதும் இதில் கலந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம்.

டீச்சரிடம் இருக்கும் மும்மொழி வகை நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருந்தது. லிஃப்கோ அகராதியைத் தெரியாத தலைமுறை இங்கே கிடையாது. தேடியதும் தமிழ் கிடைக்கும் என்பது அதன் பலம். அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் கையடக்கப் பதிப்பில் உதாரண வாக்கியங்களுக்கு இடம் இருக்காது. கலையரசி சொன்ன 'டிஸ்கஸ்' பாடம் அதில் கிடைப்பது கஷ்டம்.

ஆங்கிலம்-ஆங்கிலம் என்றாலே கடினம் என்று நினைப்பது பாதிதான் உண்மை. ஆங்கிலேயருக்கு எழுதியது வேறு, கற்போருக்கு எழுதியது வேறு. இந்த இரண்டாவது வகை பிறந்ததே நம்மைப் போன்ற வகுப்பறைகளில்தான். மைக்கேல் வெஸ்ட் என்பவர் வங்காளத்தில், டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒரு சொல்லுக்கு விளக்கம் தேடினால் அதைவிடக் கடினமான சொல் வந்து நிற்கிறதே என்ற தொல்லையைத் தீர்க்க, என்டிகாட் என்பவரோடு சேர்ந்து 1935-ல் ஒரு அகராதி கொண்டுவந்தார். சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 எளிய சொற்களை வைத்தே விளக்கியது அது. ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். தன் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்து, கேட்டன்பி, வேக்ஃபீல்டு இருவரோடு அவர் தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948-ல் தன் வெளியீடாகக் கொண்டுவந்தது. இன்று 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்' என்று கடைகளில் இருப்பது அந்த வழி வந்ததுதான். எண்ணலாம், எண்ண முடியாது என்ற குறிப்பெல்லாம் அன்னிய மொழிக்காரனை மனதில் வைத்துப் போட்டவை. 1978-ல் வந்த லாங்மேன் அகராதி சுமார் 2,000 சொல்லுக்குள் விளக்கங்களை அடக்கியது. 1987-ல் வந்த கோபில்டு அகராதி, பொருளையே முழு வாக்கியமாகச் சொன்னது.

டீச்சருக்கு என் யோசனை: 14 மும்மொழிப் புத்தகங்கள் பிள்ளைகள் கையில் இருக்கட்டும். கற்போர் அகராதி ஒன்றே ஒன்று வாங்கி உங்கள் மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள். தமிழ்ப் பொருள் கிடைத்த பிறகு, எழுதுவதற்கு அந்தச் சொல் வேண்டும் என்கிற பிள்ளை எழுந்து வந்து அதில் உதாரணம் பார்க்கட்டும். பழைய புத்தகக் கடையில் முந்தைய பதிப்புகள் மலிவாகக் கிடைக்கும். ஏழாம் வகுப்புக்குப் பதிப்பு பழசாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

—

மூன்றாம் மாடி அப்பா | புதன், இரவு 9:50

சாக்பீஸ் ஐயா கேட்டதை அன்றைக்கே என் பெண்ணிடம் கேட்டுப் பார்த்தேன். 'ஹோல்ட் அப் என்றால் என்னம்மா?' என்றேன். தெரியவில்லை. வாக்கியத்தின் தமிழைப் படித்திருக்கிறாள், ஆங்கிலத்தை மறுபடி பார்க்கவே இல்லை. நான் நினைத்தது சரியில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

போனை விட்டுவிட வேண்டும் என்று இப்போதும் தோன்றவில்லை. ஆனால் மொழிபெயர்ப்புச் செயலி வேறு, அகராதித் தளம் வேறு என்பது புரிந்தது. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு இரண்டுமே கற்போர் அகராதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஒலியும் கேட்கலாம். கலையரசி சொன்ன சின்னக் கோட்டை அவள் காதாலேயே பிடித்துவிட்டாள். தமிழ்ப் பொருள் வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்-தமிழ் அகராதி தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இருக்கிறது. இப்போது வீட்டில் ஒரு ஏற்பாடு. மொழிபெயர்ப்புச் செயலியைத் திறப்பதற்கு முன் வடமராட்சி டீச்சரின் மூன்று கேள்விக்கும் பென்சிலில் பதில் எழுத வேண்டும். நானும் உட்கார்ந்து எழுதுகிறேன், எனக்கும் ஆங்கிலம் தகராறுதான்.

—

வைகைக்கரை டீச்சர் | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 4:30

மன்னிக்கவும், காலாண்டுத் தேர்வு வேலையில் உடனே எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சாக்பீஸ் ஐயா சொன்னபடி அந்தப் பையனை எழுப்பி, அவன் செய்ததைப் படிப்படியாகப் பலகையில் எழுதினேன். எத்தனை படி சரியாகச் செய்திருக்கிறான் என்று வகுப்பையே எண்ணச் சொன்னேன். நாலு என்றார்கள். ஐந்தாவது படி நான் சொல்லித்தராதது, இன்றைக்குச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

'வந்தான்' வேலை செய்தது. வடமராட்சி டீச்சர் சொன்ன அதே இடத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் 'வா!' என்று கத்தினார்கள். 'படி'க்கு அவர்களாகவே 'பஸ்ல படியில தொங்காதே' வரைக்கும் போய்விட்டார்கள். அன்றைக்கு ஆங்கில வகுப்பு முழுவதும் தமிழில்தான் நடந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை.

மறுநாள் 'ஹி பெய்ட் எ ஃபைன்' என்று எழுதினேன். 'ஃபைன்' எல்லோருக்கும் தெரியும், 'நல்லா இருக்கேன்'. யாரும் டிக்‌ஷனரியைத் தொடவில்லை. பென்சில் கேள்விக்கு வந்தோம். முன்னால் 'எ' இருக்கிறது, அதனால் பெயர்ச்சொல். பக்கத்தில் 'பெய்ட்' இருக்கிறது, காசு கொடுத்திருக்கிறான். ஒரு பெண் மெதுவாக, 'டீச்சர், ஃபைன் கட்டுறதா?' என்று கேட்டாள். அவள் அப்பா ஹெல்மெட் போடாமல் போய் ஃபைன் கட்டியிருக்கிறார். தினமும் வீட்டில் தமிழோடு தமிழாகப் புழங்குகிற சொல், ஆங்கிலப் புத்தகத்தில் வந்ததும் அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது. பிறகு புத்தகத்தைத் திறந்து 'அபராதம்' என்ற பொருளைக் கண்டுபிடித்தபோது அந்தப் பெண்ணுக்கு வந்த மகிழ்ச்சியை என்னால் எழுத முடியவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 31 பேரில் ஏழெட்டுப் பேருக்கு இன்னும் எழுத்து வரிசையே தடுமாறுகிறது. அவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிடம் தனியாக 'ஒரே திறப்பு' விளையாட்டு வைக்கிறேன். ஊகித்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறவர்களும் உண்டு. தப்பாக ஊகித்தால் மார்க் குறையுமோ என்ற பயம் ஆறு வருஷமாக ஊறியது, மூன்று வாரத்தில் போகாது. 'சி', 'யு' எங்கள் புத்தகத்தில் இல்லை, நூலகப் படிக்கட்டு சொன்ன மாதிரி பழைய கடையில் ஒரு பெரிய டிக்‌ஷனரி வாங்கிவிட்டேன், 180 ரூபாய். கலையரசி, உங்கள் 'ஃபர்னிச்சர்' கதையை வகுப்பில் சொன்னேன். அதிலிருந்து எந்தப் பெயர்ச்சொல்லைப் பார்த்தாலும் 'இது சி-யா, யு-வா டீச்சர்?' என்று கேட்கிறார்கள். சில சமயம் நானே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன்.

அந்தப் பையன் நேற்று ஒரு வேலை செய்தான். பாடத்தில் 'லுக்ட் ஆஃப்டர்' என்று வந்தது. மற்றவர்கள் 'பின்னால் பார்த்தாள்' என்றார்கள். இவன் கையைத் தூக்கவில்லை, புத்தகத்திலேயே இருந்தான். எண் எண்ணாக விரலை வைத்து இறங்கி, கடைசித் தடித்த எழுத்து வரைக்கும் போய், வாக்கியத்தை ஒரு தடவை வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டு, 'பாட்டியைப் பார்த்துக்கிட்டா' என்றான்.

இப்போது ஒரு உதவி வேண்டும். தினமும் 31 கை படுவதால் நாலு புத்தகத்துக்கு முதுகு பிரிந்துவிட்டது. 'எஸ்' பகுதி மொத்தமாகக் கழன்று வருகிறது. பசை போட்டு ஒட்டினால் இரண்டு நாளில் மறுபடி விட்டுவிடுகிறது. பைண்டிங் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

—

ஓய்வு பெற்ற சாக்பீஸ் | சனி, மாலை 5:15

கடைப் பசை நிற்காது அம்மா. மைதாவைக் கெட்டியாகக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்கத் துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேருங்கள். துத்தம் விஷம், பிள்ளைகளைத் தொட விடாமல் நீங்களே செய்யுங்கள். கழன்ற பகுதியைத் தனியாக ஊசி நூலால் தைத்து உள்ளே வைத்து, முதுகு முழுக்கக் காடாத் துணி ஒட்டி, மேலே கனமான கல் வைத்து இரண்டு நாள் காயவிடுங்கள். துணி அட்டையின் இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலம் உள்ளே ஏற வேண்டும், அப்போதுதான் ஒரே திறப்பைத் தாங்கும்.